ஐயாவோட காசு டப்பா உங்க வீட்லயும் இருந்தா இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

எங்களுக்கு தேவிபட்டினம் பக்கம். ஐயா, அதான் எங்க அப்பாவோட அப்பா, கொழும்புல ஒரு மளிகைக் கடையில கணக்கு எழுதுனவரு, லீவுக்கு கப்பல் ஏறி தனுஷ்கோடி வந்து இறங்குறப்ப சட்டைப்பையில மிஞ்சுன சில்லறைய ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வைப்பாரு, அப்படியே சேர்ந்ததுதான் எங்க வீட்டு கலெக்‌ஷன். இப்ப அது என்கிட்ட இருக்கு, அதுல நாங்க பண்ணுன தப்ப நீங்களும் பண்ணக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

முதல் தப்பு, பளபளன்னு ஆக்குறேன்னு தேய்க்கிறது. அந்த டப்பாவுல ஒரு ஓட்டைக் காலணா. 1943ல இருந்து 1947 வரைக்கும் அடிச்சது, உலகப்போர் நேரத்துல செம்பு தட்டுப்பாடுன்னு நடுவுல பெரிய ஓட்டை விட்டு அடிச்சாங்க. அத எங்க அப்பா கைக்குழந்தையா இருக்கப்ப அரைஞாண் கயித்துல கோத்து அப்பத்தா இடுப்புல கட்டிவிட்டுருக்கு. கயிறு உரசி உரசி ஓட்டையோட ஓரம் ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கும், நகத்த வச்சு தடவுனா தெரியும். எட்டாவது படிக்கிறப்ப ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குன்னு நான் அத புளியும் சாம்பலும் போட்டு குத்துவிளக்கு வெளக்குற மாதிரி வெளக்கிட்டேன். காசு செவசெவன்னு ஆயிருச்சு, ஆனா கயிறு தேச்சது எது நான் தேச்சது எதுன்னு இப்ப பிரிச்சுப் பார்க்க முடியல. அப்பத்தா ஒரு வார்த்தை திட்டல, கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வச்சிருச்சு.

செம்புக் காசு மேல படியுற அந்த பழுப்பு நிறம் அழுக்கு இல்லங்க, காசு தனக்குத்தானே போட்டுக்கிட்ட போர்வை மாதிரி. புளி, எலுமிச்சை, டூத்பேஸ்ட் எதப் போட்டாலும் அந்தப் போர்வை போயிரும். மண்ணு ஒட்டியிருந்தா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவச்சு எடுத்து, பருத்தித் துணியில ஒத்தி எடுங்க, தேய்க்கவே வேணாம்.

நம்ம பக்கம் இன்னொரு எதிரி உப்புக்காத்து. பாம்பன், மண்டபம், தொண்டின்னு கடலுக்கு பக்கத்துல இருக்கிற வீட்ல சன்னலோர அலமாரியில காச வைக்காதீங்க. செம்புல வெளிர்பச்சையா பவுடர் மாதிரி பூத்தா அது உப்போட வேலை, உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே போகும், அந்தக் காச உடனே தனியா எடுத்து வைங்க. மூணு பைசா, பத்து பைசா மாதிரி அலுமினியக் காசுல வெள்ளையா பூக்கும். அதே மாதிரி மெதுமெதுன்னு வாசம் அடிக்கிற பிளாஸ்டிக் ஆல்பம் வாங்காதீங்க, அது பிவிசி, வருஷம் போகப் போக அதுல இருந்து கசியுறது காசு மேல பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும். பேப்பர் கவர், காத்து போகாத டப்பா, உள்ள நாலு சிலிக்கா ஜெல் பாக்கெட், அவ்வளவுதான் செலவு. செல்லோடேப் போட்டு நோட்டுல ஒட்டுறது, ஓட்டை போட்டு டாலரா மாத்துறது, ரெண்டும் வேணாம்.

எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற தப்பு எதுன்னா எழுதி வைக்காம விட்டது. டப்பாவுல சதுரமா மூலை மழுங்கின அஞ்சு சதக் காசு ஏழு இருக்கு, சிலோன் காசு, தமிழ் எழுத்தும் இருக்கும். இங்க ரூபாய்க்கு பதினாறு அணான்னு எண்ணிக்கிட்டு இருந்த காலத்துல அங்க ரூபாய்க்கு நூறு சதம், நமக்கு ரூபாய்க்கு நூறுன்னு நயா பைசா வந்ததே 1957 ஏப்ரல் 1ல தான். அந்த ஏழுல ஒண்ணு 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழியுறதுக்கு முந்தி ஐயா கடைசியா அங்க வந்து இறங்குறப்ப கையில இருந்ததுன்னு அவரே சொல்லிருக்காரு. எந்த ஒண்ணுன்னு யாருக்கும் தெரியல. கேட்டிருந்தா சொல்லிருப்பாரு, நாங்க யாரும் கேக்கல. இன்னைக்கே பெரியவங்க பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, அவங்க சொல்றத போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

ஐயா போனப்புறம் டப்பாவ பீரோவுல பூட்டிட்டோம், அதுவும் தப்புதான். அவரு இருந்தப்ப எந்தப் புள்ள பள்ளிக்கூடம் சேர்ந்தாலும், எதுத்த வீட்டுப் புள்ளயா இருந்தாலும், டப்பாவத் திறந்து ஒரு காசு எடுத்துக் குடுத்து அதோட கதையும் சொல்லித்தான் அனுப்புவாரு. அத வாங்கிட்டுப் போனவங்க பெரியாளாகி துபாய், சிங்கப்பூர் போயிட்டு வர்றப்ப அந்த ஊரு சில்லறைய அவருகிட்ட கொண்டாந்து குடுப்பாங்க, டப்பா குறைஞ்சதே இல்ல. டபுளா இருக்கிறத புள்ளைங்க கையில குடுங்க, 1968ல இருந்து 71 வரைக்கும் வந்த தாமரைப்பூ போட்ட மஞ்சள் இருபது பைசாவ பார்த்தாலே புள்ளைங்க கண்ணு விரியும். சொத்து பிரிக்கிறப்ப காச எண்ணி சரிபாதியா பிரிச்சா எது யாரோடதுங்கிறது போயிரும், யாருக்கு எந்தக் கதை தெரியுமோ அவங்களுக்கு அந்தக் காசுன்னு பேசி முடிங்க.

வெள்ளி ரூபாய நகைக்கடையில எடைக்குப் போடாதீங்க, 1940க்கு முந்தின ரூபாயில வெள்ளி கிட்டத்தட்ட 92 சதவீதம், பின்னாடி பாதிக்குக் குறைச்சுட்டாங்க, எடைய மட்டும் பார்த்தா அந்த வித்தியாசமும் தெரியாது வருஷத்துக்கு இருக்கிற மதிப்பும் தெரியாது. அஞ்சு ரூபாய் காசுக்கு அஞ்சு லட்சம்னு வாட்ஸப்ல வர்றத நம்பி முன்பணம் கட்டவே கட்டாதீங்க, ரிசர்வ் பேங்க் பேரச் சொல்லி கமிஷன், டாக்ஸ் கேக்குறவங்கள நம்பாதீங்கன்னு அந்த பேங்கே 2021ல அறிவிப்பு குடுத்துச்சு. அழகன்குளம் பக்கம் ரோமானியக் காசே கிடைச்ச மண்ணு இது, தோண்டுறப்ப ஏதாவது கிடைச்சா அது உங்க கலெக்‌ஷன் இல்ல, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு சொல்லணும்னு 1878லயே சட்டம் இருக்கு.

போன பொங்கலுக்கு தங்கச்சி மகன் வந்தப்ப டப்பாவ கீழ இறக்குனோம். ஒவ்வொரு கவர் மேலயும் பென்சில்ல அவன் எழுதினான், நான் சொல்லச் சொல்ல. எங்க அப்பா அவனுக்குத் தாத்தா, நான் மாமா. ஓட்டைக் காலணா கவர்ல இப்படி இருக்கு: "காலணா. அப்பத்தா தாத்தாவுக்கு இடுப்புல கட்டினது. ஒரு பக்கம் கயிறு தேச்சது. புளி போட்டு தேச்சது மாமா."