செவிலியர் படிப்பில் கையடக்கக் கருவி: நான் செய்த தவறுகளும் இன்று நான் காண்பவையும்

வார்டுப் பயிற்சிக்கு வரும் மாணவிகளை மருந்து வண்டியின் அருகே நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று கவனிப்பது பல ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. ஒவ்வொரு புதிய அணி வரும்போதும், ஒரு கையில் மருந்துக் குப்பியும் மறு கையில் கைபேசியுமாக யாராவது ஒருத்தி நிற்பாள். அவளைப் பார்க்கும்போது எனக்குப் பழைய நான் நினைவுக்கு வருவேன். நான் படித்த நாட்களில் கைபேசியின் இடத்தில் கையடக்கக் கணினி இருந்தது. சிறு குச்சி ஒன்றால் அதன் திரையில் எழுத வேண்டும். மருந்தகராதியும் அளவுக் கணிப்பானும் அதற்குள்ளேயே இருந்தன. இன்று திரை பெரிதாகிவிட்டது, வேகம் கூடிவிட்டது, ஆனால் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

வகுப்பு நடக்கும்போது மணி ஒலிக்க விடுவது, மின்னேற்றம் செய்ய மறப்பது, படிப்பதாகச் சொல்லிவிட்டு விளையாடுவது ஆகியவற்றை நான் சொல்லித்தான் யாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கை முதலில் கருவியிடம் கேட்பது

இந்த ஒரு தவறைப் பற்றி நீளமாகவே எழுதப்போகிறேன். இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பாதி என் மீதே வருவது.

இரண்டாம் ஆண்டில் குழந்தைகள் வார்டில் எனக்குப் பயிற்சி. காய்ச்சலுடன் இருந்த 8 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் பக்கத்துப் படுக்கையில் இருந்த 18 கிலோ குழந்தைக்கு அதே மருந்தை அதே கணிப்பானில் கணக்கிட்டிருந்தேன். மருந்தின் பெயர், கிலோவுக்கான அளவு, சிரப்பின் செறிவு எல்லாம் முன்பு இட்டபடியே திரையில் இருந்ததால் எனக்கு அது வசதியாகத் தோன்றியது. எடைக் கட்டத்திலும் பழைய 18 அப்படியே நின்றதை நான் கவனிக்கவில்லை. விடை 5.4 மில்லி என்று வந்தது. வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சில் மிகுந்த அக்கறையோடு, கண்மட்டத்துக்கு உயர்த்தி, குமிழியைத் தட்டி வெளியேற்றி, சரியாக 5.4 மில்லி எடுத்தேன். தவறான அளவை அவ்வளவு துல்லியமாக அளந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பொறுப்பில் இருந்த சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“குழந்தை எத்தனை கிலோ?”

“எட்டு கிலோ, சிஸ்டர்.”

“எட்டுப் பதினைந்து?”

“நூற்று இருபது.”

“பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது?”

“ஐந்து மில்லியில் இருநூற்று ஐம்பது மில்லிகிராம்.”

“நூற்று இருபது அதில் பாதிகூட இல்லையே. பிறகு சிரிஞ்சில் ஐந்துக்கு மேல் எப்படி வந்தது?”

கொடுக்க வேண்டியது 2.4 மில்லி. நான் எடுத்திருந்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சிஸ்டர் கேட்ட முதல் மூன்று கேள்விகளுக்கும் எனக்கு விடை தெரிந்திருந்தது என்பதுதான் இதில் கொடுமை. எட்டையும் பதினைந்தையும் பெருக்கத் தெரியாதவள் அல்லள் நான். பெருக்கிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. கருவி எண்ணைக் காட்டிய அந்த நொடியிலேயே கணக்கு முடிந்துவிட்டதாக மனம் ஓய்ந்துவிட்டது.

அண்மையில் இதே தவறு வேறு உருவத்தில் என் முன்னே நடந்தது. 500 மில்லி திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண டிரிப் செட். ஒரு மாணவி செயலியைப் பார்த்து நிமிடத்துக்கு 63 சொட்டு என்றாள். செயலி பொய் சொல்லவில்லை. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ டிரிப் செட்டுக்கான எண்ணை அது இயல்பாகவே வைத்திருந்தது; அவள் அதை மாற்றவில்லை. அந்த வேகத்தில் விட்டிருந்தால் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டிய பாட்டில் 3 மணி நேரத்துக்குள்ளாகவே காலியாகியிருக்கும். இதய நோயாளிக்கோ சிறுநீரக நோயாளிக்கோ அது என்ன செய்யும் என்பதை அவளே எனக்கு விளக்கினாள், விளக்கும்போதே முகம் வெளுத்துவிட்டது.

இதற்கு வாய்ப்பாடு எதுவும் பெரிதாகத் தேவையில்லை. 500-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 60 மில்லிக்குச் சற்று மேல், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 சொட்டு. முறையாகக் கணக்கிட்டால் 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடங்களால் வகுக்க வேண்டும், 20.8 வரும், 21 என்று வைத்துக்கொள்வோம். மனக்கணக்கில் 20 என்று முன்பே தெரிந்த ஒருத்திக்கு 63 என்ற எண் திரையில் வந்தால் அவள் கை தானாகவே நின்றுவிடும். மைக்ரோ டிரிப் செட்டில் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு என்பதும் அவளுக்கு நினைவிருந்தால், தவறு எங்கிருந்து வந்தது என்பதையும் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

தசமப் புள்ளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிறிய திரையில் அது தூசு போலத்தான் தெரியும். புள்ளி ஓர் இடம் தள்ளினால் அளவு பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒரு பங்காகும். அதனால்தான் அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் சுழியம் இட்டும், 5 மில்லிகிராமைப் பின்னால் புள்ளியும் சுழியமும் இல்லாமலும் எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்காவின் கூட்டு ஆணையம் 2004-இல் வெளியிட்ட தவிர்க்க வேண்டிய குறியீடுகளின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. மருந்துச் சீட்டில் இந்த விதியைத் தவறாமல் பின்பற்றும் மாணவிகள், கைபேசியில் தமக்காகக் குறித்துக்கொள்ளும்போது மட்டும் .5 என்று தட்டுகிறார்கள். மறுநாள் அதையே பார்த்துப் படிக்கப்போவது தாம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

என் மாணவிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கைபேசி பையிலேயே இருக்கட்டும், முதலில் உத்தேசமான விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு தாளில் முழுக் கணக்கையும் அலகுகளோடு எழுத வேண்டும், அதன் பிறகு செயலியைத் திறந்து, எல்லாக் கட்டங்களையும் காலியாக்கிவிட்டு, குழந்தையின் எடை கிலோவிலா பவுண்டிலா என்பதையும் கையில் இருக்கும் குப்பியின் செறிவையும் பார்த்து இட வேண்டும். ஒரு கிலோ ஏறத்தாழ 2.2 பவுண்டு, இந்த ஒரு பொத்தான் மாறியிருந்தாலே அளவு இரண்டு மடங்குக்கு மேல் பிசகும். மூன்று விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் மருந்து வண்டியை விட்டு நகரக் கூடாது. சரிபார்க்க வருபவரிடம் “5.4 சரியா?” என்று கேட்கவும் கூடாது. விடையைச் சொன்ன பிறகு அவரும் அந்த எண்ணைத் தேடித்தான் கணக்குப் போடுவார். மருந்துச் சீட்டையும் குப்பியையும் கொடுத்துவிட்டு, அவரைத் தனியாகக் கணக்கிட விட வேண்டும்.

மருந்தின் பெயரை முழுவதும் தட்டாமல் விடுவது

தேடல் பெட்டி நமக்கு முந்திக்கொண்டு பெயரை நிரப்பும்போது முதலில் வருவதையே தொட்டுவிடுகிறோம். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரலசினும் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிசினும் ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் நான்கு எழுத்துகளில் ஒன்றே. ஹைட்ரோகார்ட்டிசோனும் அதே நான்கில்தான் தொடங்குகிறது. 2017-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு செவிலியர் மருந்து வழங்கும் கணினிப் பெட்டியில் மிடாசோலம் என்ற மருந்தை ‘வெர்செட்’ என்ற அதன் வணிகப் பெயரில் தேடி முதலிரண்டு எழுத்துகளைத் தட்டினார். பெட்டியோ மூலப்பெயர்களின்படி தேடிக்கொண்டிருந்தது. பதற்றம் தணிக்கும் மிடாசோலத்தின் இடத்தில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியம் வெளியே வந்தது, நோயாளி உயிரிழந்தார். அதற்கு வேறு பல காரணங்களும் சேர்ந்துகொண்டன என்றாலும், தொடக்கம் இரண்டே எழுத்துகள்.

படிக்கும்போது பழகுவதுதான் பணியிலும் தொடரும். ஆகவே நினைவட்டைக்காக (ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் உள்ள அட்டை) தேடினாலும் மூலப்பெயரை முழுவதும் தட்டி, அது எந்த வகை மருந்து என்ற வரியைப் படித்த பிறகே கீழே செல்லுங்கள். நாட்டுக்கு நாடு பெயர் மாறும் என்பதும் நினைவில் இருக்கட்டும்: பாராசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றும், சல்பூட்டமாலை ஆல்பூட்டரால் என்றும், அட்ரினலினை எபிநெஃப்ரின் என்றும் குறிக்கும் செயலிகள் உண்டு.

அலகைப் பார்க்காமல் இயல்பளவை மனப்பாடம் செய்வது

பயிற்சி வினா ஒன்றில் இரத்தச் சர்க்கரை 6.1 என்று கண்ட மாணவி, நோயாளி மயக்கத்தின் விளிம்பில் இருப்பதாகக் கருதி அவசரச் சிகிச்சை முழுவதையும் எழுதிவிட்டாள். அந்தச் செயலி லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் பேசியது. 18-ஆல் பெருக்கினால் அது டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினிலும் இதே குழப்பம் உண்டு, அங்கே லிட்டருக்கு மைக்ரோமோல் என்று வருவதை 88.4-ஆல் வகுத்தால்தான் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கிடைக்கும். செயலியை நிறுவியவுடன் அமைப்புகளுக்குள் சென்று, உங்கள் ஆய்வகம் தரும் அலகை ஒருமுறை தேர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பிறர் செய்த நினைவட்டைகளை இறக்கிக்கொள்வது

ஆயிரக்கணக்கான அட்டைகளை ஒரே இரவில் இறக்கிக்கொண்டு, விரலால் தள்ளிக்கொண்டே போய், “இது தெரியும், இதுவும் தெரியும்” என்று மகிழ்வது ஒரு சுகம்தான். நானும் அனுபவித்திருக்கிறேன். பார்த்தவுடன் தெரிந்ததாகத் தோன்றுவது வேறு, எதுவும் காட்டாமல் கேட்டால் சொல்ல முடிவது வேறு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே விடையை முணுமுணுக்காமல் அட்டையைத் திருப்பாதீர்கள்.

அட்டையை நீங்களே எழுதுவது இன்னும் நல்லது, அதுவும் ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி என்ற அளவில். “டிகாக்சின் பற்றி எழுதுக” என்பது தேர்வுத்தாள் வினா. “டிகாக்சின் கொடுக்கும் முன் நாடியை எங்கே, எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்?” என்பது அட்டை. விடை ஒரே வரி: இதய முனையில், முழுதாக ஒரு நிமிடம்.

கேஸ் ஷீட்டைப் படம் எடுப்பது

கூடாது. பெயரை மறைத்துவிட்டாலும் கூடாது. படுக்கை எண்ணும் தேதியும் அரிய நோயின் பெயருமே ஆளைக் காட்டிக்கொடுக்கப் போதும், படமோ நீங்கள் அறியாமலேயே இணையச் சேமிப்பகத்துக்கு ஏறிவிடும்.

கையுறையோடு திரையைத் தொடுவது

கையுறை அணிந்ததன் பயன் அந்த நொடியோடு முடிந்தது.

எல்லாக் குறிப்பையும் ஒரே கருவியில் வைத்திருப்பது

என் பழைய கருவியில் மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் நினைவகமும் அழிந்துவிடும். இறுதித் தேர்வுக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது தெரிந்துகொண்டேன்.

திரையைப் பார்த்து நோயாளியை விடுவது

மூச்சை எண்ணக் கைபேசியின் நேரங்காட்டியை வைத்துக்கொள்ளும் மாணவியின் கண், மார்பு ஏறி இறங்குவதில் இருப்பதைவிட ஓடும் எண்களில்தான் அதிகம் இருக்கிறது. நடுவில் ஒரு செய்தி வந்து திரையை மறைத்தால் எண்ணிக்கை போயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ணுபவர்கள் குறைவு. வார்டில் படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் மூச்சு 18 அல்லது 20 என்றே குறிக்கப்பட்டிருக்கும் அட்டவணைகளைப் பார்த்தால், எழுதியவரை அழைத்துவந்து என் முன்னாலேயே மீண்டும் எண்ணச் சொல்கிறேன். நொடி முள் உள்ள சாதாரணக் கடிகாரத்தை நோயாளியின் மார்புக்கு நேராகப் பிடித்தால் இரண்டும் ஒரே பார்வையில் படும்.

இன்னொன்றும் உண்டு. படுக்கையின் பக்கத்தில் நின்று குனிந்து கைபேசியைத் தட்டுபவள் மருந்தைப் பற்றித் தேடுகிறாளா, தோழியிடம் பேசுகிறாளா என்பது படுத்திருப்பவருக்குத் தெரியாது. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு மூதாட்டி, வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, என்னைப் பத்தி அதுல என்ன போட்டிருக்கு?” என்று என் மாணவியிடம் கேட்டார். அவள் ஒரு கணம் திகைத்து, பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையை அவர் பக்கம் திருப்பி, அன்று காலை அவருக்குக் கொடுக்கவிருந்த மாத்திரையின் படத்தைக் காட்டினாள். மூதாட்டி அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, இந்த மாத்திரையைப் போட்டால் தனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றார். கேஸ் ஷீட்டில் அந்த ஒவ்வாமை எழுதப்பட்டிருக்கவில்லை.