சின்ன விமானத்தில் பினாங்கிலிருந்து பூக்கெட் போகுமுன்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து நான்கு இருக்கை விமானத்தில் பூக்கெட் போய்வர ஆசையா? முதலில் எண்ணெயைப் பாருங்கள். செஸ்னா 172 மாதிரி பிஸ்டன் விமானங்களில் பெரும்பாலானவை ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோலில்தான் ஓடும். ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ-1 அவற்றுக்கு ஆகாது. பெரிய விமான நிலையம்தானே, ஏவ்கேஸ் இல்லாமலா போகும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நேரம். பறப்புத் திட்டத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரம்தான் எழுத வேண்டும். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால், தாய்லாந்து 7. இங்கே காலை 9 மணி என்றால் திட்டத்தில் 0100. குடிநுழைவு, சுங்க அதிகாரிகள் பேசுவதோ உள்ளூர் நேரம்.

தாய்லாந்து அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். குடிநுழைவும் சுங்கமும் உள்ள இடத்தில்தான் முதலில் இறங்கலாம். வழியில் அழகான ஓடுதளம் தெரிகிறதே என்று இறங்கிவிட முடியாது.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு கேட்கும் பதிவுச் சான்றிதழ், பறப்புத் தகுதிச் சான்றிதழ், விமானி உரிமம், வானொலி உரிமம், பயணப் பதிவேடு எல்லாம் விமானத்திலேயே இருக்க வேண்டும். பயணிகள் பட்டியலில் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஆட்கள் அவசரத்தில் விட்டுவிடும் அந்த ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) உட்பட.