ஏஐ ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதும்போது எங்கே சறுக்குகிறது?

ஏஐ ஏஜென்ட் என்பது, கேட்ட வேலையை முடிக்க எந்த டூலை (ஒரு குறிப்பிட்ட வேலை செய்யும் நிரலை) அழைப்பது என்று தானே முடிவெடுக்கும் மொழி மாடல். அது தவறான டூலை அழைத்துவிட்டால் பழி முதலில் மாடல் மீதுதான் விழுகிறது. பெரிய மாடலுக்கு மாறிப் பார்க்கிறார்கள், சிஸ்டம் பிராம்ப்ட்டில் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் பொது அறிவுரையில்) நாலு வரி சேர்க்கிறார்கள். டூலின் விளக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. டூலுக்குள் நீங்கள் எழுதிய கோடு (நிரல்) மாடலுக்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர் ஸ்கீமா (டூலுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளின் வடிவ விவரம்), இவை மட்டும்தான் அதன் கண்ணில் படும். அங்கே எழுதாமல் விட்டதை ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

ரயில் டிக்கெட் உதவிக்கு ஓர் ஏஜென்ட் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ரயில் தேடல், சீட் நிலவரம், பி.என்.ஆர். நிலை என்று மூன்று டூல்கள். முதல் டூலின் விளக்கம்: "ரயில்களைத் தேடும்." பெயரில் இருப்பதையே திருப்பிச் சொல்கிறது. "நாளைக்கு மதுரைக்கு டிக்கெட் கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டால் எந்த டூலை எடுப்பது என்பதற்கு இதில் எந்தத் துப்பும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

"இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே குறிப்பிட்ட நாளில் ஓடும் ரயில்களின் எண், பெயர், புறப்படும் நேரம், சேரும் நேரம் ஆகியவற்றைத் தரும். சீட் காலியாக உள்ளதா என்று சொல்லாது. அதற்கு இங்கே கிடைக்கும் ரயில் எண்ணோடு சீட் நிலவரம் டூலை அழைக்கவும். ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டுக்கு பி.என்.ஆர். நிலை டூல். அன்று ரயில் இல்லையென்றால் காலிப் பட்டியல் வரும். அது எரர் அல்ல."

இதில் அதிக வேலை செய்வது "சொல்லாது", "எரர் அல்ல" என்ற வரிகள்தான். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதைத்தான் பெரும்பாலோர் எழுதாமல் விடுகிறார்கள். காலிப் பட்டியலுக்கு அர்த்தம் சொல்லாவிட்டால், மாடல் அதே டூலைத் திரும்பத் திரும்ப அழைக்கும். அல்லது இல்லாத ரயிலை இருப்பதாகச் சொல்லிவிடும்.

பாராமீட்டரில் இன்னும் நுணுக்கமான கோளாறுகள் வரும். "தேதி" என்று மட்டும் போட்டால் 03-04-2026 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச் 4. "ஆண்டு-மாதம்-நாள், உதாரணம் 2026-04-03" என்று எழுதிவிடுங்கள். இன்றைய தேதியை மாடலாகத் தெரிந்துகொள்ளாது. இந்திய நேரப்படி நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சர்வர் யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால், நம் ஊரில் விடியற்காலை 5.30 மணி வரை அங்கே முந்தைய நாள். தட்கல் எடுக்க வந்தவருக்கு ஒரு நாள் பிசகினாலே டிக்கெட் போச்சு.

ரயில் எண்ணை நம்பர் டைப்பாக வைக்காதீர்கள். எண் ஐந்து இலக்கம்; சிறப்பு ரயில்களின் எண் 0-வில் தொடங்கும். நம்பராக வைத்தால் அந்த 0 உதிர்ந்து நாலு இலக்கமாகிவிடும், தேடல் தோற்கும், காரணமும் எளிதில் பிடிபடாது. ஸ்ட்ரிங்காக (எழுத்துகளின் வரிசையாக) வைத்து, ஐந்து இலக்கம் என்று பேட்டர்னும் கொடுங்கள். வகுப்புக்கு எஸ்.எல்., 3ஏ, 2ஏ என்று ஈனம் (enum, ஏற்கும் மதிப்புகளின் பட்டியல்) போட்டுவிட்டால் விளக்கத்தில் வாக்கியமே தேவையில்லை. ஸ்டேஷனுக்கு "சென்னை" போதாது: எழும்பூரின் குறியீடு எம்.எஸ்., சென்ட்ரலுடையது எம்.ஏ.எஸ். ஸ்டேஷன் தேடலுக்கு இன்னொரு டூலும் வைத்திருந்தால், "குறியீடு தெரியாவிட்டால் ஸ்டேஷன் தேடல் டூலை முதலில் அழைக்கவும், ஊகிக்க வேண்டாம்" என்ற ஒரு வரி பல தவறுகளைத் தடுக்கும்.

மாறக்கூடிய விதியை விளக்கத்துக்குள் புதைப்பதும் தவறுதான். முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள். அந்த எண்ணை விளக்கத்தில் எழுதி மறந்திருந்தால் ஏஜென்ட் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருக்கும். அதை சர்வரில் வைத்து, எரர் செய்தியில் அனுப்புவதே சரி. அந்தச் செய்தியும் "எரர் 400" என்று நின்றுவிடக் கூடாது. "தேதி முன்பதிவுக் காலத்துக்கு அப்பால் உள்ளது, இன்றிலிருந்து 60 நாளுக்குள் கொடுக்கவும்" என்று வந்தால் மாடல் தானே திருத்திக்கொண்டு அடுத்த அழைப்பைச் சரியாகச் செய்யும்.

டிக்கெட் ரத்து போன்ற டூலில், இதைத் திரும்பப் பெற முடியாது, பயணியிடம் உறுதி கேட்ட பிறகே அழைக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஆனால் அந்த வரியையே பூட்டாக நம்பிவிடாதீர்கள். எம்.சி.பி.யில் (ஏஜென்ட்டை டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறையில்) "அழிக்கும் செயல்" என்று டூலுக்குக் கொடுக்கும் அடையாளமும் வெறும் குறிப்புதான். உறுதிப்படுத்தும் படி கோடிலேயே இருக்க வேண்டும்.

நீளம் பற்றியும் கேட்பார்கள். டூலுக்கு மூன்று, நான்கு வாக்கியங்களாவது இருக்கட்டும். சிக்கலான டூலுக்குக் கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் பொதுவாக எல்லா விளக்கங்களும் ஒவ்வொரு முறையும் மாடலுக்குப் போகின்றன: 40 டூல், தலா 300 டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) என்றால் கேள்வி தொடங்கும் முன்பே 12,000 டோக்கன். அதனால் நல்ல விளக்கத்தை வெட்டுவதைவிட, தேவையற்ற டூலைக் கழற்றுவதே மேல். "மிக முக்கியம், எப்போதும் இதையே அழை" என்ற கூச்சலை எடுத்துவிடுங்கள். தேவையில்லாத இடத்திலும் அந்த டூலே ஓடும்.

மாற்றிய பிறகு 20 கேள்விகளாவது வைத்து ஓட்டிப் பாருங்கள். எந்த டூலையும் அழைக்கக் கூடாத கேள்விகளும் அதில் ஐந்தாறு இருக்கட்டும். பதிலை மட்டும் படித்தால் போதாது. எந்த டூல், எந்த மதிப்புகளோடு அழைக்கப்பட்டது என்று லாகில் (அழைப்புகளின் பதிவில்) பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.