பழைய பந்தயக் கார் நகலில் கதவுகளையும் உடற்பகுதிகளையும் பொருத்தும் முறை

ஏசி கோப்ரா போன்ற 1960-களின் பந்தயக் கார்களுக்கு நகல் கட்டுவோர் பலர், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடக் கதவுகளுக்குக் கொடுப்பதில்லை. ஆனால், கட்டி முடித்த காரின் அருகில் வந்து நிற்பவரின் கண் முதலில் போவது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியின் மீதுதான். அந்த இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 8 மி.மீ. என்று இருந்தால், உடனே கதவின் ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடக் கூடாது. கதவு கோணலாக அமர்வதற்கான காரணம் பெரும்பாலும் கதவில் இருப்பதில்லை. காரின் அடிச்சட்டமான சேசிஸ் மட்டமில்லாமல் நிற்பதிலோ, கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்த்து வார்த்த ஃபைபர் உடல் அதன்மேல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலோதான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் தேய்த்த ஓரத்தை, பிறகு உடலைச் சரியாக உட்கார வைக்கும்போது மீண்டும் கட்டி எழுப்ப வேண்டியிருக்கும்.

1962-இல் வெளிவந்த அசல் கோப்ராவின் உடல், மெல்லிய குழாய்ச் சட்டத்தின்மேல் கையால் அடித்து வளைத்த அலுமினியத் தகடு. கைவேலை என்பதால் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை. ஆகவே, இரு பக்கங்களையும் அளவுகோலால் சமப்படுத்த முயல்வதைவிட, ஒவ்வொரு பக்கத்திலும் இடைவெளி சீராகவும் வளைவு தடையின்றியும் ஓடுகிறதா என்று பார்ப்பதே போதுமானது.

முதல் வேலை சேசிஸை மட்டம் பார்ப்பது. கார் தன் சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். டேங்க், இருக்கை, ஓட்டுநர் ஆகியோரின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை வைக்கலாம். ஜாக்கியின்மேல் தூக்கி வைத்த வண்டியில் பொருத்திய கதவு, வண்டி தரையில் இறங்கியதும் உரசக்கூடும். பட்டறைத் தரை சமமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் சேசிஸின் நான்கு மூலைகளையும் சோதித்து, தாழ்ந்த சக்கரத்தின் அடியில் தகடு வைத்து, வேறுபாட்டை 1 மி.மீ. அளவுக்குள் கொண்டு வர வேண்டும்.

அடுத்து, உடலைச் சேசிஸின்மேல் போல்ட் போடாமல் வெறுமனே இறக்கி வைக்க வேண்டும். அது தானாக எங்கே தொடுகிறது, எங்கே அந்தரத்தில் நிற்கிறது என்பதைத் தாங்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தரமாக நிற்கும் இடத்தில் அதே கனத்துக்குத் தகடுகளை அடுக்கிய பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும். கதவை அதன் வாயில் ஆப்புகளால் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, போல்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கும்போது இடைவெளியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு போல்ட்டை முடுக்கியதும் இடைவெளி அசைந்தால், அந்த இடத்தில் இன்னும் தகடு தேவைப்படுகிறது என்று பொருள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் மொத்த வேலையிலும் பலன் மிகுதியாகக் கிடைப்பது இங்கேதான்.

அச்சிலிருந்து புதிதாக எடுத்த ஃபைபர் உடல் சில வாரங்கள்வரை இறுகிக்கொண்டும் சிறிதளவு சுருங்கிக்கொண்டும் இருக்கும். சென்னையின் ஏப்ரல், மே வெயில் இதற்கு நல்ல துணை. உடலைச் சேசிஸில் போல்ட் போட்ட நிலையிலேயே, கதவு, பானெட், டிக்கி மூடிகளையும் அதனதன் இடத்தில் வைத்து வெயிலில் நிறுத்தினால், இறுக வேண்டியது சரியான வடிவத்திலேயே இறுகும். கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த கதவு சாய்ந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும்.

பிறகு கீல்கள். ஒரு கதவின் இரண்டு கீல்களுக்கும் அச்சு ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். இரண்டின் ஊசித் துளைகள் வழியாகவும் ஒரே நேரான இரும்புக் கம்பியைச் செலுத்திப் பார்த்தால் ஐயம் தீரும். அச்சு விலகியிருந்தால் கதவு மூடும்போது முறுக்கேறி, கீல் பதித்த ஃபைபரில் நாளடைவில் விரிசல் விழும். கீல் போல்ட்டுக்கான துளைகளைச் சற்று நீள்வட்டமாக வைத்துக்கொண்டால் கதவை மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்த முடியும்; ஃபைபரின் உட்புறம் எஃகுத் தகடு ஒன்றைப் பதித்தால் போல்ட்டின் அழுத்தம் பரவலாக விழும். கதவின் முன்விளிம்பு தனக்கு முன்னால் சக்கரத்தை மூடியுள்ள உடற்பகுதியான ஃபெண்டரைவிட ஒருபோதும் வெளியே துருத்தக் கூடாது, ஏனெனில் வேகத்தில் வரும் காற்று துருத்திய விளிம்பில்தான் மோதும். ஒரு மயிரிழை உள்ளே இருப்பது நல்லது.

கீல் சரியான பிறகே பூட்டு. பூட்டு கதவை இழுத்துப் பிடிக்க வேண்டுமே தவிர, தூக்கவோ தாழ்த்தவோ கூடாது. கதவோரத்து ரப்பர் பட்டையான பீடிங்கை ஒட்டிய நிலையில்தான் இதைச் சோதிக்க வேண்டும். பீடிங் இல்லாமல் அழகாக அமர்ந்த கதவு, பீடிங் வந்ததும் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளப்படுவது வழக்கம். அதன்பின் ஒரு பக்கத்து முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அந்த நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உரசினால், சேசிஸ் முறுக்கும்போது கதவுக்கு இடமில்லை என்று தெரிந்துவிடும். நம் ஊர் வேகத்தடைகளில் தினமும் நடக்கப்போவது இதுவே.

கதவுகள் இரண்டும் நிலைத்த பிறகு பானெட்டும் டிக்கியும் எளிதாகவே முடியும். பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால், பானெட்டுக்கு வழக்கமான பூட்டோடு கூடுதலாக, வெளியிலிருந்து ஊசி செருகி மூடும் ஊசிப் பூட்டுகளும் வைக்க வேண்டும்.

இப்போதுதான் இடைவெளியைச் செதுக்கலாம். 5 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் பட்டை ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அது நுழையாத இடத்தைத் தேய்க்கவும், தளர்வாக ஆடும் இடத்தைக் கட்டி எழுப்பவும் வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் கட்ட வேண்டிய ஓரத்தைப் பட்டி எனும் நிரப்புப் பசையால் நிரப்புவதை நான் ஏற்பதில்லை. கதவை நான்கு முறை அடித்துச் சாத்தினால் அது உதிர்ந்துவிடும். பழைய ஃபைபரைச் சொரசொரப்பாகத் தேய்த்து, கண்ணாடி இழை விரிப்பையும் (மேட்) ரெசினையும் அடுக்குவதே நிலைக்கும். எதிர் ஓரத்தில் மெழுகு தடவிய பேக்கிங் டேப்பை ஒட்டிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளா.

கடைகளில் ரெசின், அது இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர், அதை இறுக வைக்கும் ஹார்டனர் என மூன்றாகக் கிடைக்கும்போது, ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். அது வெடிக்கும் அபாயம் உடையது. முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பூசுவதற்குச் சற்று முன்பு மட்டும் ரெசினின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோடையில் குறைந்த அளவே போதும். அதற்குமேல் போட்டால் கலவை டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் முகமூடியும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பிரைமரும் வண்ணமும் மேல்பூச்சும் இரு ஓரங்களிலும் சேர்ந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டரைத் தின்றுவிடும். அதையும் கணக்கில் கொண்டே 5 மி.மீ. சொன்னேன். கதவுகளைப் பெயிண்டுக்குக் கழற்றும் முன், கீல் தகடும் அது உட்காரும் இடமும் சேரும்படி 3 மி.மீ. துளை இரண்டை ஊடுருவப் போட்டு வையுங்கள். பெயிண்ட் முடிந்து திரும்ப மாட்டும்போது அந்தத் துளைகளில் இரண்டு ஊசிகளைச் செருகிய பிறகு போல்ட்டை முடுக்கினால், கதவு பழைய இடத்திலேயே வந்து அமரும். புதுப் பெயிண்டின்மேல் கதவை வைத்து அலைக்கழித்து இடம் தேட வேண்டியிருக்காது.