பாய்லர் பிரஷர் இறங்கிக்கொண்டே இருக்கிறதா? தண்ணீர் நிரப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டன் வீடுகளில் அறைகளைச் சூடாக்கவும் குழாய்க்குச் சுடுதண்ணீர் தரவும் ஒன்றாக உள்ள காம்பி பாய்லரில், ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீர் மூடிய சுற்றில்தான் ஓடுகிறது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் திறக்கும் தண்ணீர் வேறு. ஆகவே சுற்றின் பிரஷரைக் காட்டும் கேஜ் முள் அடிக்கடி இறங்கினால், அந்தச் சுற்றிலிருந்து எங்கோ தண்ணீர் வெளியேறுகிறது.

முள் இறங்கும்போதெல்லாம் ஃபில்லிங் லூப்பை (மெயின் குழாயிலிருந்து சுற்றுக்குத் தண்ணீர் விடும் இணைப்பை) திறந்து நிரப்பிவிட்டு மறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வருடத்துக்கு ஓரிரு முறை நிரப்புவதில் தவறில்லை. ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றிய பிறகு பிரஷர் குறைவதும் இயல்பே. வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் அது பழுது. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் உள்ளே போகிறது. ரேடியேட்டரின் இரும்பு துருப்பிடித்துக் கறுப்புச் சேறாக அடியில் படிகிறது. துருவைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் மருந்தும் நீர்த்துப்போகிறது. லண்டன் போன்ற கடினத் தண்ணீர்ப் பகுதிகளில் சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ளும்.

நிரப்பும்போதும் கவனம் வேண்டும். பாய்லர் நன்றாக ஆறிய பிறகு 1 முதல் 1.5 பார் (பிரஷரின் அளவு) வரை போதும். சூடானதும் 2 பார் வரை ஏறுவது சரியே. "நிறைய இருக்கட்டும்" என்று குளிர்ந்த நிலையிலேயே 2.5 வரை ஏற்றினால், சூடாகும்போது 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். அப்போது ஒரு துகள் அது மூடிப் பொருந்தும் இடத்தில் சிக்கினாலும் வால்வு முழுதாக மூடாமல் சொட்டத் தொடங்கிவிடும். நிரப்பி முடித்ததும் லூப்பின் வால்வுகளை இறுக மூடுங்கள். லேசாகத் திறந்திருந்தால் மெயின் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், கசிவும் வெளியே தெரியாது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எக்ஸ்பான்ஷன் வெஸல். காலையில் 1.2, ஹீட்டிங் ஓடும்போது 2.8, மறுநாள் காலையில் 0.3 என்று முள் ஆடினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்க, இதற்குள் ஒரு ரப்பர் சவ்வின் மறுபக்கம் காற்று அடைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் 0.75 முதல் 1 பார். அந்தக் காற்று போய்விட்டால் விரிந்த தண்ணீருக்கு இடமில்லை. சேஃப்டி வால்வு திறக்கிறது, ஆறியதும் பிரஷர் விழுகிறது. வெஸலில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வு உண்டு. அதன் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, வெஸலையே மாற்ற வேண்டும். காற்று மட்டும் குறைந்திருந்தால், சுற்றின் பிரஷரைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகே பம்ப் அடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் கிடைக்கும் அளவு பொய்யாகிவிடும். வெஸலைப் பார்க்காமல் சேஃப்டி வால்வை மட்டும் மாற்றுவது வீண் செலவு. புது வால்வும் சில நாளில் திறக்கும்.

கசிவைத் தேடாமல் தரையை உடைக்கத் தொடங்குவது இன்னொரு அவசரம். சேஃப்டி வால்விலிருந்து வந்து வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாயின் வாயில் ஒரு பாலிதீன் பையைத் தளர்வாகக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பைக்குள் தண்ணீர் இருந்தால் சேஃப்டி வால்வு வழியாகத்தான் போகிறது. பை காய்ந்திருந்தால் ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வின் அடியிலும் டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். சூட்டில் ஆவியாகிவிடும் சிறு கசிவு, பச்சை அல்லது வெள்ளைக் கறையை மட்டும் விட்டுவைக்கும்.

அதிலும் சிக்காவிட்டால், பாய்லரை அணைத்து, ஆறிய பிறகு அதன் அடியில் உள்ள ஃப்ளோ, ரிட்டர்ன் வால்வுகள் (ரேடியேட்டர்களுக்குப் போகும், திரும்பி வரும் குழாய்களின் வால்வுகள்) இரண்டையும் மூடி இரவு முழுக்க விடுங்கள். முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். அசையாமல் நின்றால் வீட்டுக் குழாய்களில். வால்வுகளைத் திறக்காமல் பாய்லரை மறுபடி ஓட்டக் கூடாது. ஹீட்டிங்கும் சுடுதண்ணீரும் பல மணி நேரம் ஓடாதபோதும் புகை குளிர்ந்து உண்டாகும் தண்ணீரை வெளியேற்றும் பிளாஸ்டிக் கண்டென்ஸேட் குழாயில் தண்ணீர் சொட்டினால், தண்ணீரைச் சூடாக்கும் பாகமான ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டையாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போய்விடுவதால் வீட்டுக்குள் ஈரமே தெரியாது.

கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அது குறுகலான வழிகளையும் காற்றை வெளியேற்றும் ஏர் வென்டையும் அடைத்துவிடலாம். பாய்லரின் மூடியையும் நீங்களே கழற்றாதீர்கள். பல மாடல்களில் அந்த மூடிதான் புகையை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது, கசிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உயிரைப் பறிக்கும். கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்வோருக்கான அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவுள்ளவரை அழையுங்கள். அவருடைய அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆறியபோது, சூடானபோது, மறுநாள் காலையில் என மூன்று அளவுகளையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் எங்கிருந்து தொடங்குவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.