பூனைக்கு இன்சூரன்ஸ்: சறுக்கும் இடங்கள்

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கமும் பெர்சியன் பூனை வந்துவிட்டது. கூடவே இன்சூரன்ஸ் பேச்சும். எடுக்கலாம், ஆனால் எல்லாப் பூனைக்கும் வேண்டாம். ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வீடு வரும் நாட்டுப்பூனைக்கு எடுப்பது வீண்செலவு என்பேன். அந்தப் பணத்தை மாதம் 300 ரூபாய் என்று வங்கியில் போட்டாலே வருஷத்துக்கு 3,600 நிற்கும். வயதான பூனையைப் பெரும்பாலும் கம்பெனியே சேர்க்காது.

தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் எல்லாம் பாலிசியில் கிடைக்கும் என்று நம்புவது முதல் தவறு. பொதுவாக அவை நம் கைக்காசுதான். வண்டியில் அடிபட்டுக் கால் முறிவது போல, திடீரென்று வரும் பெரிய செலவுக்குத்தான் இன்சூரன்ஸ்.

நோய் வந்த பிறகு பாலிசி தேடுவது அதைவிட மோசம். கடுவன் பூனைக்கு வரும் மூத்திர அடைப்பையே பாருங்கள். மணல் தட்டில் போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும். ஒரு சொட்டு வராது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு அடைப்பை எடுத்து, ட்ரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைக்க வேண்டும். செலவு எகிறும். ஒருமுறை வந்தது மறுபடியும் வரக்கூடியது. முதல் அடைப்புக்குப் பிறகு பாலிசி எடுத்தால், ‘ஏற்கனவே இருந்த நோய்’ என்று இரண்டாவதற்குக் கைவிரித்துவிடுவார்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது எடுத்தாலும் காத்திருப்புக் காலம் உண்டு; அது முடியும்வரை வரும் நோய்க்குப் பணம் கிடைக்காது.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது காகிதத்தில். ஊசி பஞ்சாயத்து கால்நடை ஆஸ்பத்திரியில், காய்ச்சலுக்குப் பொள்ளாச்சி, ஆபரேஷனுக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி. ஒரு சீட்டில் ‘அம்மு’, இன்னொன்றில் மலையாளத்தில் வெறும் ‘பூச்ச’ (பூனை), வயது ஆளுக்கொன்று! கிளெய்ம் பார்ப்பவர் எதை நம்புவார்? தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப் போட்டு, அந்த எண்ணை எல்லாச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். டாக்டரின் பதிவு எண்ணும் கையெழுத்தும் இல்லாத பில்லை வாங்காதீர்கள்.

ஊசிப் புத்தகமும் முக்கியம். எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு பூஸ்டர், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. தவணை தவறியிருக்கும்போது ஊசியால் தடுத்திருக்கக்கூடிய நோய் வந்தால் கிளெய்ம் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம்.

அப்புறம், விலாசம். வீடு கேரளத்தில் இருக்க, பொள்ளாச்சி மாமா வீட்டு முகவரியில் பாலிசி போடாதீர்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. கேரளத்துக்குக் கொச்சி அலுவலகம், தமிழ்நாட்டுக்குச் சென்னை.