பழைய எண்ணெய் ஓவியத்தின்மேல் மீண்டும் தீட்டியபோது

2009இல் எண்ணெய் வண்ணத்தில் நான் தீட்டிய அருவ ஓவியம் ஒன்று, விலைபோகாமலும் தூக்கி எறிய மனம் வராமலும் பரண்மேல் கிடந்தது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசைமீது அப்போது எனக்கிருந்த மோகத்தில், கேன்வாஸ் திரை முழுவதையும் எழுத்துப்போன்ற கோடுகளால் நிரப்பியிருந்தேன். இப்போது நான் தீட்டுபவையோ அகன்ற, ஆரவாரமற்ற வண்ணப் பரப்புகள்.

அந்தப் பழைய ஓவியத்தின்மேலேயே புதிதாகத் தீட்ட நினைத்தேன். விரைவில் காயுமே என்ற அவசரத்தில் அதன்மேல் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசியதுதான் என் பிழை. பத்து நாள் கழித்து ஓரத்தை நகத்தால் நெருடியதும், காய்ச்சிய பாலின் ஆடைபோல அது சுருண்டு உரிந்து வந்தது. அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெய்ப் படலத்தை நீரில் கரைத்த அக்ரிலிக் பற்றிக்கொள்ளாது. கல்லூரியில் படித்ததுதான், மறந்துவிட்டேன்.

முழுவதையும் உரித்தெடுத்தபின், திரை தொய்யாதிருக்கப் பின்புறம் அட்டையை முட்டுக்கொடுத்து, 220 எண் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்த்துப் பளபளப்பைப் போக்கினேன். பழைய வெள்ளையில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூள் பறக்கவிடாமல் முகக்கவசத்தோடுதான் தேய்த்தேன். இரண்டு நாள் உலரவிட்டு, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் மிகுந்த மெல்லிய எண்ணெய் வண்ணத்தை முதலில் பூசினேன்; அடுத்தடுத்த பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன், ஏனெனில் அடிப்பூச்சில் எண்ணெய் மிகுந்தும் மேற்பூச்சில் குறைந்தும் இருந்தால் மேற்பூச்சு வெடித்துவிடும்.

சாம்பல்நீலப் பரப்பின் இடது மூலையில், பழைய காவிக் கோடுகள் மூன்றை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறேன். வார்னிஷ் பூச இன்னும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.